முழைக்குள் அடுப்பு மூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில், மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஒருநாள் நடை போய் வருவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படிக்கச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் பக்கத்து மலைகளை யாராவது நல்ல வார்த்தை சொல்லி எழுதினால் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். ஆனால் அந்தக் கட்டுரையோடு வந்த படத்தைப் பார்த்ததும் மனம் பதறிவிட்டது. ஒரு முழைக்குள், அதாவது பாறைக் கூரைக்கு அடியில், மூன்று கல் கூட்டி, விறகு வைத்து, சட்டியில் ஏதோ வேகிறது. நான்கைந்து பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறார்கள். புகை மேலே போய்ப் பாறையில் முட்டிப் பரவுகிறது. படம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் நூறு பேர் அதேபோல அடுப்பு மூட்டப் போவார்களே என்ற பயத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் யார் என்பதைச் சொன்னால்தான் நான் சொல்வதற்கு மதிப்பு இருக்கும். மேலூர் வட்டாரத்தில் கல்வேலை பார்த்தவன். என் தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறை. எனக்கு 63 வயது. அப்பாவிடம் கை உளி பிடித்துப் பழகினேன். பிறகு 22 வருடம் கிரானைட் குவாரியில் கம்ப்ரசர் வைத்துப் பாறையில் துளை போட்டேன், தமர் அடிப்பது என்போம். 2012-இல் எங்கள் பக்கத்துக் குவாரிகள் மூடப்பட்டபோது என் வேலையும் நின்றது. அதற்குப் பிறகு அம்மி, ஆட்டுக்கல், வீட்டு வாசற்படி, சாமி பீடம் என்று கிடைத்ததைச் செய்தேன். இப்போது தூசியில் போன நுரையீரலுக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். ரோட்டில் நடக்க எனக்குப் பிடிப்பதில்லை. மலையில் நடக்கிறேன்.

படம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஓவாமலைக்கும் அரிட்டாபட்டிக்கும் போனேன். கட்டுச்சோறு, இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர், நிலக்கடலை, என் பழைய கைச்சுத்தியல் ஒன்று. சுத்தியல் எதற்கு என்று பேத்தி கேட்டாள். உடைக்க இல்லை, கேட்க என்றேன்.

ஏழு மணிக்கெல்லாம் மீனாட்சிபுரம் வந்துவிட்டோம். மாங்குளம் கல்வெட்டு என்று புத்தகங்களில் படிக்கிறோமே, அது இருப்பது இந்த ஊரை ஒட்டிய ஓவாமலையில். கழுகுமலை என்றும் சொல்வார்கள். முள்ளுக்காட்டைத் தாண்டியதும் பாறைச் சரிவு தொடங்குகிறது. காலைப் பனியில் புல் ஈரமாக இருந்தால் செருப்பு வழுக்கும், வெறுங்காலே உத்தமம். பாறையில் ஏறுவதற்கு எங்கள் அப்பா சொல்லிக் கொடுத்த ஒரே பாடம், பாதம் முழுதும் பதிய வை, குதிகாலைத் தூக்காதே என்பதுதான். பேத்தி அரைமணி நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு என்னை முந்திப் போய்விட்டாள். நான் மூச்சுக்காக மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது நல்லதாயிற்று. தென்மேற்கே யானைமலை படுத்திருப்பது தெரிந்தது. வடக்கே அழகர்மலை நீல வரிசையாக நின்றது. கீழே கண்மாய்களில் தண்ணீர் வெயில் பட்டுத் தகடு தகடாக மின்னியது. இந்தப் பாறைகளின் தலையில் விழுகிற மழைதான் சுனையில் தேங்கி, ஊற்றாய்க் கசிந்து, ஓடையாய் இறங்கி அந்தக் கண்மாய்களுக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். அந்தப் பாறையை உடைத்துப் பிழைத்ததும் நான்தான். இரண்டும் மனசில் ஒன்றாக இருக்கும்போது மலையில் உட்காருவது எளிதாக இல்லை.

மேலே போனால் பெரிய பாறைகள் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் அடியில் குனிந்து போகும் அளவுக்கு இடம். இவற்றைத்தான் முழை என்கிறோம். உள்ளே தரையில் வரிசையாகக் கற்படுக்கைகள். தலைமாட்டில் மட்டும் சற்று உயர்த்தி, தலையணை போல விட்டு, மற்ற இடத்தைச் சமமாகக் கொத்தி இழைத்திருக்கிறார்கள். சமணத் துறவிகள் மழைக்காலத்தில் தங்கிய இடம். பேத்தி ஒரு படுக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, சில்லுன்னு இருக்கு, வழவழன்னும் இருக்கு" என்றாள். நான் அதைத் தடவிப் பார்த்தேன். உளியின் தடம் இன்னும் விரலுக்குப் படுகிறது. ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் விழுந்த அடிகள். வலது கைக்காரன் ஒருவன் மேற்கே பார்த்து உட்கார்ந்து கொத்தியிருக்கிறான். தொழில் தெரிந்தவன். அவசரப்படாதவன். எங்கள் அப்பா இருந்தால் அந்தக் கையைப் பாராட்டியிருப்பார்.

இந்தக் கல் எப்படிப்பட்டது என்று வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கை உளியில் வேலை செய்தால் ஒரு நாளைக்குப் பத்து உளியாவது மழுங்கும். சாயங்காலம் உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துக் கூர் ஏற்றினால்தான் மறுநாள் வேலை. அப்படியென்றால் 2,200 வருடத்துக்கு முன்னால் இந்த மலையடியில் ஒரு கொல்லன் உலை எரிந்திருக்க வேண்டும். அடுப்புக்கரி சுமந்தவர்கள் இருந்திருக்க வேண்டும். கொத்துபவனுக்குச் சோறு கொண்டுவந்த பெண் ஒருத்தி இருந்திருக்க வேண்டும். கல்வெட்டில் அவர்கள் பெயர் இல்லை. ஆனாலும் ஒரு சொல் இருக்கிறது. அதைப் பேத்தி தன் பள்ளிக்கூடத்துக் குறிப்பேட்டிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். கணிநந்தாசிரியன் என்ற துறவிக்காக, பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி 'கொட்டுபித்த பளி' என்று வருகிறதாம். பளி என்றால் பள்ளி. கொட்டுபித்த என்றால் உளியால் கொட்டச் செய்த. அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மி கொத்தலையோ" என்று தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு போன என் தாத்தாவின் சொல்லும் இதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எங்கள் தொழிலின் சொல் பாண்டியன் பெயருக்குப் பக்கத்தில், பாறையில் இருக்கிறது. இன்னொரு கல்வெட்டில் வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவினர் கொடுத்த கொடை வருகிறது என்றும் சொன்னாள். பக்கத்தில் இருக்கும் வெள்ளரிப்பட்டிதான் அந்த வெள்ளறை என்பார்கள்.

இந்த எழுத்துகளை 1882-இல் ராபர்ட் சீவெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி பார்த்துக் குறித்திருக்கிறார். அதில் இருப்பது நெடுஞ்செழியன் என்ற பெயர் என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசித்தது 1965-இல். நடுவில் 83 வருடம். அதற்கும் முன்னால் இரண்டாயிரம் வருடம். அத்தனை காலமும் அது அழியாமல் காத்திருந்தது. எப்படிக் காத்திருந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வாசல்.

முழையின் நெற்றியை அண்ணாந்து பாருங்கள். பாறையின் வெளிவிளிம்பில், நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருக்கும். கண்ணுக்கு மேலே புருவம் இருப்பதைப் போல. வீடு கட்டும்போது சன்ஷேடின் அடிவிளிம்பில் கொத்தனார் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு விடுவார், பார்த்திருப்பீர்கள். மேலிருந்து வழியும் மழைநீர் அடிப்பக்கமாக ஓடி உள்ளே வராமல், அந்தக் கோட்டில் தடைபட்டுச் சொட்டிவிடும். அதே வேலையைத்தான் இந்தக் காடியும் செய்கிறது. சாரம் கட்டி, அண்ணாந்தபடி, கண்ணில் தூள் விழ விழக் கொத்த வேண்டிய வேலை அது. தரையில் படுக்கை வெட்டுவதைவிடப் பல மடங்கு கடினம். கழுத்து ஒரு பொழுதில் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பாடுபட்டுத் தண்ணீரை உள்ளே வராமல் தடுத்தார்கள். அவர்கள் தடுக்கவேண்டும் என்று நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்றை நாம் உள்ளே கொண்டுபோகிறோம். தீ.

சமணத் துறவிகள் தீ மூட்டமாட்டார்கள். சமைக்கவும் மாட்டார்கள். தீயிலும் உயிர் உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஊருக்குள் போய்ப் பிச்சை ஏற்றுச் சாப்பிட்டார்கள். ஆக, யாருக்காக இந்தப் படுக்கைகள் வெட்டப்பட்டனவோ அவர்கள் ஒருநாள்கூட இங்கே அடுப்பு வைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பிறகு வந்த ஆட்டுக்காரர்களும் வைக்கவில்லை. அன்றைக்கு வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். "மழைக்கு ஒதுங்குவோம்ணே. சோத்த வீட்டுலயே ஆக்கிக் கொண்டாந்துருவோம். மேல தேனடை தொங்குது, அதுக்கடியில எவன் புகை போடுவான்?" என்றாள். மலைத்தேனீ கலைந்தால் சரிவான பாறையில் ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. இந்த அறிவு ஊராருக்கு இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

தீ பாறையை என்ன செய்யும் என்பதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அதை வைத்துத்தான் என் தாத்தா பிழைத்தார். வெடிமருந்தும் கம்ப்ரசரும் வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் பாறையைத் தீ வைத்துத்தான் பெயர்த்தார்கள். "பாறையை வேகவைக்கிறது" என்பார் அப்பா. மட்டமான பாறையாகப் பார்த்து, ஒரு ஓரத்தில் விறகை வரிசையாகப் பரப்பிக் கொளுத்துவார்கள். தீ ஒரே சீராக எரிய வேண்டும். மேல் பக்கம் சூடேறி விரியும். அடிப்பக்கம் குளிர்ந்தே கிடக்கும். விரிந்ததற்குப் போக இடமில்லை. அது மேலே எழும்பும். ஒரு நேரத்தில் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். தகடு கழன்றுவிட்டது என்று அர்த்தம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் மணி போலக் கணீரென்று கேட்கும். கழன்ற இடத்தில் காலிப் பானையைத் தட்டினதுபோலக் கேட்கும். அந்தச் சத்தம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துத் தீயை முன்னால் தள்ளுவார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு சாண் கனத்தில், ஒரு வீட்டு முற்றம் அளவுக்குப் பாறை தனியாகக் கழன்று கிடக்கும். பிறகு ஆப்பு வைத்து வேண்டிய அளவுக்குப் பிளந்துகொள்ள வேண்டியதுதான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் திண்ணைப் பலகைக்கல் பலவும் அப்படி வெந்து வந்தவை.

இவ்வளவுக்கும் வேண்டியது மலையளவு விறகு இல்லை. ஒரு மாட்டுவண்டி விறகு. இரும்பு தொடாத, வெடி வைக்காத பாறை, வெறும் சூட்டில் கழன்றுபோகும். திறந்தவெளியில் தரையிலே கிடக்கிற பாறைக்கே இந்தக் கதி. முழையின் கூரையில் சூடு போக வழி இல்லை. கீழே அடுப்பு, மேலே நான்கடி உயரத்தில் பாறை. தீயின் நாக்கு நேராகக் கூரையை நக்குகிறது. ஒருதரம் மூட்டினால் ஒன்றும் ஆகாததுபோலத் தெரியும். மயிரிழை அளவுக்கு உள்ளே விட்டிருக்கும். அடுத்த ஞாயிறு இன்னொரு கூட்டம். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. மழைக்காலத்தில் அந்த மயிரிழைக்குள் ஈரம் இறங்கும். பிறகு ஒருநாள் யாரும் இல்லாதபோது ஒரு தகடு கீழே விழும். ஆள் இருக்கும்போதும் விழலாம்.

பாறை தானாகவும் உரியும் என்பதை மறைக்கவில்லை. வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிவது இந்தப் பாறைகளின் இயல்பு. பகல் வெயில், ராத்திரிக் குளிர், மழை, இவை செய்கிற வேலை அது. முழைகள் உண்டானதே அப்படித்தான். ஆனால் அது ஆயிரக்கணக்கான வருடக் கணக்கில் நடப்பது. நாம் ஒரு கோழி வறுக்கும் நேரத்தில் அதைச் செய்கிறோம்.

அன்றைக்கு அதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஓவாமலையில் எழுத்து இருக்கிற முழைக்குள் இல்லை. அதைவிட்டுத் தள்ளி இன்னொரு பாறையின் அடியில் புகை தெரிந்தது. ஐந்து பையன்கள். கல்லூரியில் படிக்கிறவர்கள் போல. மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்கய்யா, ஒரு துண்டு சாப்பிடுங்க" என்று பேத்திக்கும் எனக்கும் இடம் விட்டார்கள். நான் திட்டவில்லை. "தம்பி, ஒரு நிமிஷம் பேசாம இருங்க, ஒண்ணு கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சுத்தியலின் காம்பை வைத்து, அடுப்புக்கு எட்டடி தள்ளிக் கூரையை மெல்லத் தட்டினேன். கணீர். அடுப்புக்கு நேர் மேலே தட்டினேன். பொத்தென்று கேட்டது. மறுபடியும் தள்ளிப் போய் ஒரு தட்டு, மறுபடியும் நேர் மேலே ஒரு தட்டு. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களில் ஒருவன் அண்ணாந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சட்டென்று வெளியே நகர்ந்தான்.

இன்னொரு பையன் பதற்றத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அடுப்பில் ஊற்றப் போனான். "ஊத்தாத தம்பி!" என்று கத்திவிட்டேன். பேத்தியே பயந்துவிட்டாள். சுட்ட கல்லில் தண்ணீர் பட்டால் அது தீயைவிட மோசம். விரிந்த கல் ஒரே நொடியில் சுருங்கும். எங்கள் தொழிலில் பிடிவாதமான கல்லை உடைக்கச் செய்கிற வேலை அது. விறகை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே மண்ணில் போட்டு மூடினோம். தணலை மண் அள்ளிப் போட்டு அணைத்தோம். அந்தப் பிள்ளைகள் ஐந்து பேரும் கூடமாட நின்று செய்தார்கள். தரையில் தோசை கனத்துக்கு மூன்று நான்கு கல் தகடுகள் கிடந்தன. மேல் பக்கம் கரி, அடிப்பக்கம் புதிதாக உடைந்த நிறம். ஓரம் கத்தி மாதிரி. "இது நேத்து விழுந்ததா இருக்கலாம், போன மாசம் விழுந்ததா இருக்கலாம். ஆனா பழசு இல்ல" என்று காட்டினேன். ஒரு பையன் அதை ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொன்னதும் வைத்துவிட்டான்.

பிறகு எல்லோருமாகக் கீழே இறங்கி, மரத்தடியில் எங்கள் புளிச்சோற்றையும் அவர்கள் மீனையும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். "யாரும் சொல்லலைங்கய்யா. நெட்ல எல்லாரும் இப்படித்தான் வீடியோ போடுறாங்க" என்றார்கள். அவர்கள் மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

மத்தியானம் அரிட்டாபட்டிக்குப் போனோம். கழிஞ்சமலையின் முழைக்கு ஏறும் வழியில் வெயில் கடுமையாக இருந்தது. அங்கேயும் நெற்றியில் காடி, காடிக்கு அடியில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்து. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவன் இந்த முழையைக் கொட்டுவித்தான் என்று அதிலும் வருகிறதாம். பக்கத்துப் பாறையில் பின்னாளில் வெட்டிய தீர்த்தங்கரர் உருவம். அதன் மேல் பூசிய வண்ணத்தின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வண்ணத்தின்மேல் ஒருநாள் புகை ஏறினால் அதை எடுக்கவே முடியாது. எடுக்க முயன்றால் வண்ணமும் சேர்ந்து வரும். மலையின் இன்னொரு பக்கத்தில் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். சிவனின் அவதாரம் என்று சொல்லப்படும், கையில் தண்டு ஏந்திய இலகுலீசரின் சிற்பம் அங்கே இருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேலே ஒரு பறவை இறக்கையை அசைக்காமல் செங்குத்துப் பாறையை ஒட்டிப் போனது. வல்லூறு என்று பேத்தி சொன்னாள். லகுடு, வல்லூறு, ராஜாளிக் கழுகு என்ற வேட்டைப் பறவைகள் எல்லாம் வாழ்கிற இடம் இது. வல்லூறும் லகுடும் தை, மாசியில் இந்தச் செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஒருநாள் நடை வருகிறவர்கள் அதிகம் வருவதும் அதே மாதங்களில்தான். கூட்டுக்குக் கீழே புகை போட்டால் தாய்ப்பறவை எழுந்து போகும்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாநிலத்திலேயே இதுதான் முதல். இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், இந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டோம். சட்டமன்றம் டிசம்பர் 9-ஆம் தேதி தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். மூச்சு இரைக்க இரைக்க நானும் நடந்தேன். குவாரியில் 22 வருடம் மலையை அறுத்தவன் மலையைக் காப்பாற்ற நடக்கிறேனே என்று அன்று முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தபோது எங்கள் தெருவில் அப்பத்தாக்கள் குலவை போட்டார்கள். அப்படிக் காப்பாற்றிய மலை இது. ஒரு பெரிய சுரங்கத்தை நிறுத்திய கையால் ஒரு சின்ன அடுப்பை நிறுத்த முடியாதா?

ஆள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வர வேண்டும். என் பேத்தி அன்று ஒருநாளில் கற்றுக்கொண்டதைப் பள்ளிக்கூடம் ஒரு வருடத்தில் சொல்லித்தர முடியாது. வேலி போட்டுப் பூட்டினால் ஊருக்கும் மலைக்கும் உள்ள உறவு அறுந்துபோகும். நான் கேட்பது, முழைக்குள் தீ கூடாது என்பதை ஏறும் வழியிலேயே, பெரிய எழுத்தில், காரணத்தோடு எழுதி வையுங்கள் என்பது. 'தண்டிக்கப்படுவீர்கள்' என்று மட்டும் எழுதினால் யாரும் படிப்பதில்லை. 'இந்தப் பாறை சூட்டில் தகடாகக் கழன்று உங்கள் தலையில் விழும்' என்று எழுதினால் படிப்பார்கள். அந்தப் பலகையையும் தயவுசெய்து பாறையில் தமர் போட்டு நடாதீர்கள். மண்ணில் குழி தோண்டி நடுங்கள். கைப்பிடிக் கம்பி போடுவதானாலும் அப்படியே. முழையின் நெற்றியில் ஒரு துளை போட்டால், மழைநீருக்கு நாமே உள்ளே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகும்.

சமைத்துச் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு அடிவாரத்தில், கண்மாய்க் கரைக்கு இந்தப் பக்கம், பாறை இல்லாத மண்தரையில் ஓர் இடம் ஒதுக்கலாம். அங்கேயே குடிதண்ணீரும் குப்பைத் தொட்டியும் பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் வேண்டும். என் பேத்தியோடு போனபோது அந்தக் கஷ்டத்தை நேரில் பார்த்தேன். ஊர்ப் பெண்களில் சிலரையும், வேலை இல்லாத இளைஞர்களில் சிலரையும் ஞாயிறுதோறும் வழிகாட்டிகளாக அமர்த்திச் சம்பளம் கொடுத்தால், தேனடை எங்கே தொங்குகிறது, எந்தப் பாறை வழுக்கும், எந்தச் சுனையில் இறங்கக்கூடாது என்று அவர்களே சொல்வார்கள். ஆடு மேய்த்த அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது எந்தப் பலகைக்கும் தெரியாது.

இன்னொன்று. ஏற்கெனவே புகை படிந்த முழைகளைச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது கம்பி பிரஷோடும் ஆசிட்டோடும் கிளம்பிவிட வேண்டாம். நல்ல மனசோடு செய்தாலும் அது கெடுதல்தான். கம்பி பிரஷ் உளித்தடத்தை எடுத்துவிடும். ஆசிட் கல்லின் மேல்தோலை அரித்துவிடும். மணலை வேகமாக அடித்துக் கழுவிய கோயில் தூண்களில் கல்லின் பளபளப்பே போய், சொரசொரவென்று ஆகிவிட்டதை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கரி படிந்த இடம் அப்படியே இருக்கட்டும். அதை என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் வந்து பார்க்கும்வரை யாரும் கைவைக்க வேண்டாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையை எழுதியவரையும் படம் எடுத்தவரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் கடிதத்தைப் போட இடம் இல்லாவிட்டாலும், அடுத்தமுறை மலை பற்றி எழுதும்போது, காடி வெட்டிய பாறை நெற்றியின் படம் ஒன்றைப் பக்கத்தில் நின்று எடுத்துப் பெரிதாகப் போடுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சாய்வெயில் விழும்போது எடுத்தால் உளித்தடம் ஒவ்வொன்றும் தெரியும்.

தொல்லியல் துறை, வனத்துறை அதிகாரிகள் இதைப் படித்தால், என்னால் ஆகக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. எந்த முழையின் கூரையில் எந்த இடம் கழன்றிருக்கிறது என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல என் காதுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. பாறையில் ஒரு குறியும் போட வேண்டாம். நான் காம்பால் தட்டிச் சொல்லச் சொல்ல, ஒருவர் காகிதத்தில் வரைந்துகொண்டால் போதும். கூலி வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் வருகிறேன். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். வரைவதற்குப் பேத்தியும் வருகிறேன் என்கிறாள், ஞாயிற்றுக்கிழமை என்றால்.

இப்படிக்கு,
கல்தொழிலாளி ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.